மரம் இற்றுப்போகும் முன்பே தெரிந்துகொள்ள: ஈரத்தை அளந்து கண்காணிக்கும் முறை

காய்ந்த மரத்துக்கு வயது ஒரு பொருட்டில்லை. கூரைக்கு அடியில் உலர்ந்து கிடக்கும் உத்திரம் நூறு வருஷம் கழித்தும் ஆணியை எளிதில் உள்ளே விடாது. அதே உத்திரத்தின் முனை சுவருக்குள் நனைந்தபடியே இருந்தால், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே விரலால் நொறுக்கும் பதத்துக்கு வந்துவிடும். இற்ற மரம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் அதன் வலுவில் பெரும்பங்கு போயிருக்கும். ஆனால் ஈரம் அதற்கு மாதக்கணக்கில் முன்பே ஏறியிருக்கும். ஈரத்தை அளக்க முடியும் என்பதால், அந்த மாதங்கள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

ஈரம் அளக்கும் மீட்டரை மரத்தில் ஒரு தடவை குத்திப் பார்த்து, 18% என்றால் நிம்மதி, 21% என்றால் பதற்றம் என்று முடித்துக்கொள்கிறவர்கள் அதிகம். ஒற்றை எண்ணிலிருந்து தெரிந்துகொள்ள முடிவது கொஞ்சம்தான். அதே புள்ளியில், அதே ஆழத்தில், அதே முறையில் மாதக்கணக்கில் எடுத்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் ஈரம் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் தங்குகிறது என்பது பிடிபடும். அந்த வரிசை நம்பத்தக்கதாக இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சதவீதக் கணக்கு

மரத்தின் ஈரத்தை அதன் முற்றிலும் உலர்ந்த எடையோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். ஒரு துண்டு ஈரத்தோடு 48.6 கிராம், முழுக்க உலர்த்தியபின் 41.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வெளியேறிய நீர் 7.4 கிராம். அதை 41.2ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 18%. உலர்ந்த எடையால் வகுப்பதால்தான் வெட்டிய பச்சை மரத்தில் ஈரம் 100%ஐக்கூடத் தாண்டுகிறது.

மரத்துக்குள் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. முதலில் செல் சுவர்களுக்குள் பிணைந்துகொள்கிறது. அந்தச் சுவர்கள் நிரம்பியபிறகு வரும் நீர் செல்களின் உள்வெளியில் தேங்குகிறது. சுவர்கள் நிரம்பி முடியும் நிலை பெரும்பாலான மரங்களில் 28 முதல் 30%. மரத்தை அழிக்கும் பூஞ்சை நன்றாக வேரூன்ற இப்படித் தேங்கிய நீர் வேண்டும். அப்படியிருக்க 20%ஐ எல்லைக்கோடாக வைப்பது ஏன்? ஒரே சட்டத்தில் இடத்துக்கு இடம் ஈரம் மாறும், மீட்டரும் இரண்டு மூன்று சதவீதப் புள்ளி தவறும். நாம் 20 என்று படிக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி 27 இருக்கலாம். அந்த இடைவெளியை விட்டுவைக்கும் பாதுகாப்புக் கணக்குதான் 20.

மழையே படாத மரமும் காற்றிலிருந்து ஈரம் வாங்கும். சாதாரண அறை வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 50% என்றால் மரம் மெல்ல 9%க்கு வந்து நிற்கும். 65% என்றால் 12%. 80% என்றால் 16%. 90%ஐ எட்டினால் 20%ஐ ஒட்டி வரும். இந்த நான்கு எண்களும் மனப்பாடமாக இருந்தால் நல்லது. காற்றின் ஈரப்பதம் 65%ஆக இருக்கும் அறையில் ஓர் உத்திரம் 19 காட்டுகிறது என்றால், 20க்குக் கீழேதானே என்று விட்டுவிடக் கூடாது. அந்த ஏழு புள்ளி காற்றிலிருந்து வந்ததில்லை. எங்கோ நீர் புகுந்திருக்கிறது.

ஐரோப்பிய வடிவமைப்புத் தரநிலையான யூரோகோட் 5 மரக் கட்டுமானங்களைப் பிரிப்பதும் இதே அடிப்படையில்தான். முதல் வகைச் சூழலில் மென்மரங்களின் (பைன் போன்ற ஊசியிலை மரங்கள்) சராசரி ஈரம் பெரும்பாலும் 12%ஐத் தாண்டாது, இரண்டாம் வகையில் 20%ஐத் தாண்டாது, மூன்றாவது அதற்கும் மேலே போகக்கூடிய வெளிப்புறச் சூழல். கண்காணிக்கப்போகும் ஒவ்வொரு சட்டமும் எந்த வகைக்காக வடிவமைக்கப்பட்டது என்று முதலில் குறித்துவையுங்கள். அளவு அந்த வகையைத் தாண்டினாலே ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள்.

எங்கே அளப்பது

நீர் தங்கும் இடம், காற்றுப் படாத இடம், வெட்டுமுகம் (நாருக்குக் குறுக்கே அறுத்த முனை) திறந்திருக்கும் இடம். இந்த மூன்றும் சேரும் புள்ளிதான் முதலில் இற்றுப்போகும். மரத்தின் வெட்டுமுகம் குழாய்க் கட்டைத் திறந்து வைத்ததுபோல. பக்கவாட்டை விடப் பல மடங்கு வேகமாக நீரை இழுக்கும். ஆகவே அளவுப்புள்ளிகளை முனைகளிலிருந்தும் இணைப்புகளிலிருந்தும் தொடங்குங்கள்:

- சுவருக்குள் செருகிய உத்திர முனைகள், குறிப்பாக மழையடிக்கும் வெளிச்சுவரில் இருப்பவை
- தரையில் அல்லது கல்லின்மேல் நிற்கும் தூண்களின் அடிப்பகுதி, கதவு நிலைக்கால்களின் கீழ் 15 செ.மீ.
- ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலைகள், கழுந்து (சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) துளைக்குள் இறங்கும் இடம்
- இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளம், மழைநீர்க் காலுக்கு அடியில் உள்ள கைமரங்கள், சுவர்மேல் படுத்திருக்கும் தாங்குமரம்
- குளியலறை, சமையலறைக் குழாய்களுக்கு அடியில் வரும் தரைச் சட்டங்கள்
- குளிர்ந்த குழாய் அல்லது ஏசி காற்றுக்குழாய் உரசிப்போகும் மரம். இங்கே மழையே இல்லாமல், குழாயின்மேல் படியும் வியர்வைநீர் நனைக்கும்

ஒவ்வொரு சட்டத்திலும் மூன்று புள்ளி போதும்: முனையிலிருந்து 10 செ.மீ., 30 செ.மீ., பிறகு நடு. நடுப்புள்ளியை ஒப்பீட்டுக்காகக் கண்டிப்பாக எடுக்க வேண்டும். நடு 12, முனை 17 என்று வந்தால் இரண்டுமே 20க்குக் கீழேதான். ஆனாலும் ஐந்து புள்ளி வித்தியாசம் என்பது முனையில் நீர் வருகிறது என்பதற்கான தெளிவான அடையாளம். மொத்த அளவை விட இந்த வித்தியாசத்தைத்தான் அதிகம் நம்பலாம், ஏனென்றால் மரவகை, வெப்பம் ஆகியவற்றால் வரும் மீட்டர்ப் பிழை இரண்டு புள்ளிகளிலும் ஒரே மாதிரி இருக்கும். கழித்தால் அது போய்விடும்.

புள்ளிகளை அழியாத மையால் குறித்து எண் கொடுங்கள். அடுத்த தடவை அளப்பவர் வேறு ஆளாக இருந்தாலும் அதே இடத்துக்கு வர வேண்டும். ஆனால் பழைய ஊசித் துளையிலேயே மறுபடி குத்தாதீர்கள். அகன்ற துளையில் ஊசி தளர்ந்து நிற்கும், எண் குறைவாக வரும். 2 செ.மீ. தள்ளிக் குத்துங்கள்.

மீட்டர் எப்படி வேலை செய்கிறது

இரண்டு வகை மீட்டர்கள் புழக்கத்தில் உள்ளன. ஊசி மீட்டர் இரண்டு ஊசிகளுக்கு இடையே உள்ள மின்தடையை அளக்கும். ஊசியில்லாத மீட்டர் மரத்தின்மேல் தட்டையாக வைத்து மின்புலத்தால் அளக்கும். இரண்டாவது வேகமானது, மரத்தில் துளை விழாது, ஒரு பெரிய தரையில் ஈரமான திட்டு எங்கே என்று தேட அருமையான கருவி. ஆனால் மேலிருந்து ஏறத்தாழ 20–25 மி.மீ. வரை உள்ளதையெல்லாம் கலந்து ஒரே எண்ணாகத் தரும், மரத்தின் அடர்த்திக்கு ஏற்ப எண் மாறும், மேற்பரப்பில் சொரசொரப்போ காற்றிடைவெளியோ இருந்தால் ஏமாறும். தேடுவதற்கு அது, பதிவு செய்வதற்கு ஊசி மீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

மின்தடை ஈரத்தோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று தெரிந்தால் மீட்டரின் பலமும் பலவீனமும் புரியும். டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தில், 27 டிகிரி செல்சியஸில், 7% ஈரத்தில் தடை சுமார் 22,400 மெகாஓம் (ஒரு மெகாஓம் பத்து லட்சம் ஓம்). 12%இல் 120 மெகாஓம். 20%இல் 2 மெகாஓம் சொச்சம். 25%இல் அரை மெகாஓமுக்கும் கீழே. இந்தச் சரிவு செங்குத்தாக இருப்பதால் 7 முதல் 25% வரை மீட்டர் நன்றாகப் பிரித்துக் காட்டும். செல் சுவர்கள் நிரம்பிய பிறகு தடை அதிகம் மாறாது. ஆகவே 30க்கு மேல் காட்டும் எண்ணை "நனைந்திருக்கிறது" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 38க்கும் 45க்கும் வேறுபாடு தேடுவதில் பயனில்லை. 7%க்குக் கீழேயும் அப்படித்தான்.

மீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதே எண்கள் உதவும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 1 மெகாஓம் ரெசிஸ்டரை ஊசிகளுக்கு இடையே வைத்தால், டக்ளஸ் ஃபிருக்கு அமைத்த மீட்டர் 22%ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 120 மெகாஓமுக்கு 12%ஐ ஒட்டி. ரெசிஸ்டரை விரலால் பிடித்துக்கொண்டு அளக்கக் கூடாது. கைவியர்வை வழியாக மின்சாரம் ஓடிவிடும். ஒவ்வொரு அளவுச் சுற்றுக்கு முன்பும் இந்தச் சோதனையைச் செய்து, வந்த எண்ணைக் குறியுங்கள். பேட்டரி இறங்கியதால் மூன்று மாத எண்கள் வீணாகாமல் காக்கும் ஒரு நிமிட வேலை இது.

ஊசியால் அளப்பது, படிப்படியாக

மேற்பரப்பில் மட்டும் குத்தும் 6–8 மி.மீ. ஊசிகள் ஜன்னல் சட்டத்துக்குப் போதும், உத்திரத்துக்குப் போதாது. கனமான மரங்களுக்குச் சுத்தியல் கைப்பிடியுடன் வரும் நீள ஊசிகள் வேண்டும். அவற்றின் தண்டு முழுவதும் மின்காப்புப் பூச்சு இருக்க வேண்டும், முனை மட்டும் வெறுமையாக. பூச்சில்லாத ஊசியை 40 மி.மீ. ஆழத்துக்கு அடித்தாலும், அது தொடும் இடங்களிலேயே அதிக ஈரமான இடத்தின் எண்ணைத்தான் காட்டும்; மேலே பனி படர்ந்திருந்தால் உள்ளே எலும்பு போலக் காய்ந்திருந்தாலும் 24 என்று காட்டும்.

மேற்பரப்பைத் துணியால் துடைத்து, இரு ஊசிகளுக்கு இடையே நீர்ப்படலம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். கணு, வெடிப்பு, பிசின் வடிந்த இடம், ஆணி ஆகியவற்றிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி நில்லுங்கள். மீட்டரில் மரவகையை அமையுங்கள். வகை தெரியாவிட்டால் ஓர் அமைப்பைத் தேர்ந்து, எல்லா அளவுகளிலும் அதையே வைத்து, அதைக் குறித்தும் வையுங்கள். ஊசிகள் நார் ஓட்டத்துக்கு இணையாகவா குறுக்காகவா என்பது உங்கள் மீட்டரின் கையேட்டில் இருக்கும். 15%க்குக் கீழே இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதில்லை, 20ஐ ஒட்டும்போது குறுக்களவு 2 புள்ளி வரை குறைத்துக் காட்டக்கூடும்.

பிறகு மூன்று ஆழங்களில் நிறுத்தி நிறுத்தி அளங்கள்: 10 மி.மீ., 25 மி.மீ., 45 மி.மீ. ஒவ்வொரு ஆழத்திலும் சுத்தியலை நிறுத்தியதும் சில வினாடிகளுக்குள் எண்ணைப் படியுங்கள். மின்னோட்டம் தொடர்ந்தால் ஈரமான மரத்தில் எண் மெல்ல நழுவும்.

இந்த மூன்று எண்களில் நிறைய விஷயம் இருக்கிறது. சுவருக்குள் போகும் ஓர் உத்திர முனையில் 14, 17, 24 என்று ஆழத்தோடு ஏறுகிறதா? மேல்தோல் அறைக் காற்றில் காய்ந்துகொண்டிருக்கிறது, நீர் உள்ளிருந்து, அதாவது சுவருக்குள் இருக்கும் வெட்டுமுகம் வழியாக வருகிறது. அறைக்குள் நின்று மின்விசிறி போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. வெளிச்சுவரைப் பார்க்க வேண்டும். 24, 16, 13 என்று இறங்குகிறதா? நேற்றைய சாரலோ வியர்வைநீரோ மேலே நனைத்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து 14க்கு வந்திருந்தால் கவலையில்லை. மூன்று ஆழத்திலும் 19, 19, 20 என்று சமமாக நிற்கிறதா? நீண்ட காலமாக ஈரக்காற்றில் இருக்கும் மரம், காற்றோட்டம்தான் பிரச்சினை. மேற்பரப்பை மட்டும் அளந்திருந்தால் முதல் உத்திரம் 14 என்ற எண்ணோடு "நலம்" பட்டியலில் போயிருக்கும். அதனால்தான் ஆழத்தில் இத்தனை பிடிவாதம்.

கடைசியாக மரத்தின் வெப்பத்தை அளந்து திருத்துங்கள். பெரும்பாலான மீட்டர்கள் 20 டிகிரி செல்சியஸுக்கு அமைக்கப்பட்டவை. மரம் சூடாக இருந்தால் தடை குறையும், எண் கூடும். பத்து டிகிரிக்கு ஏறத்தாழ 1 புள்ளி, ஈரம் கூடுதலாக இருக்கும்போது இன்னும் கொஞ்சம். வெயிலில் 40 டிகிரிக்குச் சூடான கூரைச் சட்டம் 20 என்று காட்டினால் உண்மை 18ஐ ஒட்டித்தான் இருக்கும். குளிர்ந்த மரத்தில் இது தலைகீழ், அதுதான் ஆபத்தானது: மீட்டர் குறைத்துக் காட்டி ஏமாற்றும்.

குறிப்பேட்டில் தேதி, புள்ளி எண், ஆழம், மீட்டர் காட்டிய எண், திருத்திய எண், மரத்தின் வெப்பம், காற்றின் ஈரப்பதம், கடந்த மூன்று நாள் மழை ஆகியவை இருக்கட்டும். மீட்டர் காட்டிய எண்ணைத் திருத்திய எண்ணால் அழித்து எழுதாதீர்கள். திருத்த முறை தவறு என்று பிறகு தெரிந்தால் திரும்பிப்போக வழி வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு சுற்று குறைந்தபட்சம். ஈரமான பருவம் முடியும்போது ஒன்று, வறண்ட பருவம் முடியும்போது ஒன்று. இரண்டாவதைத் தவிர்க்கிறவர்கள் உண்டு, ஆனால் அதிகம் சொல்வது அதுதான். வறண்ட பருவம் முடிந்தும் இறங்காத ஈரத்துக்குப் பின்னால் தொடர்ந்து வரும் நீர் இருக்கிறது.

மீட்டர் பொய் சொல்லும் இடங்கள்

உப்பு மின்சாரத்தைக் கடத்தும். கடற்காற்று படும் மரம், உப்புப் பூத்த சுவரைத் தொடும் மரம், செம்பு உப்புகளாலோ போரேட்டாலோ பதப்படுத்திய மரம் எல்லாவற்றிலும் மீட்டர் கூட்டிக் காட்டும். பிளைவுட்டிலும் ஒட்டுச்சட்டங்களிலும் பசைக்கோட்டைத் தொட்டால் அதே கதை. கரிபடிந்த மரமும் அப்படியே. இப்படிப்பட்ட இடங்களில் எண்ணை நம்பாமல் ஏற்ற இறக்கத்தை மட்டும் நம்புங்கள், அல்லது கீழே சொல்லும் அடுப்பு முறைக்குப் போங்கள்.

கல், செங்கல், பூச்சு ஆகியவற்றில் ஊசியைக் குத்தி வரும் எண் மரத்தின் சதவீதம் ஆகாது. சுவர் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று மரத்தின் கணக்கில் தெரிய வேண்டுமானால், எடைபோட்ட உலர்ந்த மரக்குச்சிகளைச் சுவரில் துளையிட்டுச் செருகி, வாயை அடைத்து, ஆறு வாரம் விட்டு எடுத்து மறுபடி எடைபோடுங்கள். அந்தச் சுவருக்குள் படுத்திருக்கும் உத்திர முனை எந்த ஈரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதை அந்தக் குச்சிகள் நேரடியாகச் சொல்லும். செலவே இல்லாத, ஆனால் அதிகம் பயன்படுத்தப்படாத முறை.

அடுப்பில் உலர்த்தி அளப்பது

சந்தேகம் தீர இதுதான் கடைசி வழி; மற்ற எல்லா முறைகளும் இதோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்கப்படுகின்றன. ஐரோப்பிய தரநிலை ஈ.என். 13183இன் முதல் பகுதி இதைத்தான் விவரிக்கிறது. மரத்திலிருந்து ஒரு துண்டையோ, உட்குழல் துரப்பணத்தால் எடுத்த உருளையையோ எடுங்கள். மழுங்கிய பிட்டால் வேகமாகத் துளைத்தால் சூட்டிலேயே ஈரம் போய்விடும். கூரான பிட், மெதுவான வேகம். எடுத்த கையோடு காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். முதலில் எடைபோட்டு, 103 டிகிரியில் (இரண்டு டிகிரி முன்பின்) வைத்து உலர்த்துங்கள். பெரும்பாலும் ஒரு நாள் பிடிக்கும். இரண்டு மணி நேரம் இடைவெளிவிட்டு எடைபோடும்போது மாற்றம் 0.1%க்குக் கீழே வந்தால் உலர்ந்துவிட்டது. 10 கிராம் துண்டுக்கு 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். சமையல் தராசு இதற்கு ஆகாது. பிசின் நிறைந்த மரத்தில் பிசினின் ஆவியும் எடையில் கழிந்து, ஈரம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

நிரந்தரமாகப் பதிக்கும் சென்சார்கள்

ஒருமுறை மூடினால் திறக்க முடியாத இடங்களுக்கு, அதாவது தட்டைக் கூரையின் அடுக்குக்குள், குளியலறைத் தரைக்கு அடியில், பாலத்தின் இணைப்புக்குள், கையில் எடுத்துப்போகும் மீட்டர் உதவாது. அங்கே இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூக்களை ஊசிகளாக மரத்திலேயே பதித்து, ஒயரை வெளியே கொண்டுவந்து, அளவுகளைத் தானாகப் பதிவுசெய்யும் டேட்டா லாகரில் இணைக்கலாம்.

பதிக்கும் முறை இது. 25–30 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை. 40 மி.மீ. ஆழத்தில் அளக்க வேண்டுமானால் 30 மி.மீ. வரை 6 மி.மீ. பிட்டாலும், கடைசி 10 மி.மீ.க்கு 3 மி.மீ. பிட்டாலும் துளையுங்கள். 4 மி.மீ. ஸ்க்ரூவின் தண்டில், முனையின் 10 மி.மீ. தவிர, சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டு இறுக்குங்கள். ஸ்க்ரூவை முறுக்கி இறக்கியபின் அகன்ற துளையை எபாக்ஸியாலோ நடுநிலை வகைச் சிலிக்கானாலோ நிரப்புங்கள். புளித்த காடி வாசனை வரும் சாதாரண சிலிக்கான் வேண்டாம்: அது இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டு, உலோகத்தை அரிப்பதோடு அளவையும் கெடுக்கும். துளையை எப்போதும் காய்ந்த பக்கத்திலிருந்து, முடிந்தால் கீழிருந்து மேல்நோக்கிப் போடுங்கள். ஈரத்தைக் கண்காணிக்கப் போட்ட துளையே நீர் புகும் வழியாகிவிடக் கூடாது. பக்கத்தில் அதே ஆழத்தில் ஒரு வெப்ப சென்சாரும் கட்டாயம்; அது இல்லாவிட்டால் நாள்தோறும் வெயிலோடு ஏறி இறங்கும் வரைபடம்தான் கிடைக்கும், அதில் ஈரம் எது வெப்பம் எது என்று பிரிக்க முடியாது.

இத்தகைய அமைப்புகள் கெடுவது பெரும்பாலும் மரத்தில் இல்லை, ஒயரில். அளக்கப்போவது நூற்றுக்கணக்கான மெகாஓம். ஈரக்காற்றில் ஒயரின் உறையும் இணைப்புக் கட்டையும் கசியவிடும் மின்னோட்டமே அந்த அளவுக்கு வந்துவிடும். பிவிசி உறையைத் தவிர்த்து டெஃப்லான் அல்லது பாலிஎத்திலீன் உறையுள்ள ஒயரை எடுங்கள், நீளத்தைச் சுருக்குங்கள், இணைப்புகளை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டிக்குள் வையுங்கள். ஸ்க்ரூவோடு இணைக்கும் முன், ஒயரின் நுனிகளைக் காற்றில் விட்டபடி லாகரைப் படியுங்கள். அளவெல்லைக்குக் கீழே என்று காட்ட வேண்டும். ஒன்றும் இணைக்காமலே 11% என்று காட்டினால், அது ஒயரின் ஈரம். இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

லாகர் ஒவ்வோர் அளவுக்கும் குறுகிய மின்துடிப்பு கொடுத்து, துருவத்தை மாற்றி மாற்றி அளக்கும் வகையாக இருக்கட்டும். தொடர்ந்து ஒரே திசையில் மின்னழுத்தம் இருந்தால் ஸ்க்ரூவைச் சுற்றி அயனிகள் சேர்ந்து எண் நழுவிக்கொண்டே போகும். ஆறு மணி நேரத்துக்கு ஓர் அளவு போதும்; மரம் அதைவிட வேகமாக மாறாது. கசிவைத் தேடும்போது மட்டும் மணிக்கு ஒன்று.

ஸ்க்ரூவுக்குப் பதில் சிறிய துளைக்குள் காற்றின் ஈரப்பத சென்சாரை வைத்து மூடி, அதிலிருந்து மரத்தின் ஈரத்தைக் கணிப்பதும் உண்டு. உலர்ந்த நிலையில் நன்றாக வேலை செய்யும், உப்பின் மின்கடத்தலும் இதை ஏமாற்றாது. ஆனால் 95%ஐத் தாண்டிய காற்றில் சென்சார் நிறைந்துபோய் நம்பகம் இழக்கும். நமக்கு மிகவும் தேவைப்படும் நேரமே அதுதான் என்பதால், இதை மட்டுமே நம்பி இருப்பது சரியில்லை.

புதிதாகக் கட்டும்போது

சி.எல்.டி (பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது) போன்ற பெரிய ஒட்டுப்பலகைகள் ஆலையிலிருந்து 12%ஐ ஒட்டிய ஈரத்தில் வருகின்றன. தளத்தில் ஒரு வாரம் மழை தேங்கினால் பலகையின் மேற்பரப்பு அவ்வளவாகக் கெடாது. பலகைகள் சேரும் விளிம்பும், குழாய்க்காக வெட்டிய துளையின் ஓரமும்தான் நீரைக் குடிக்கும். மேலே நீர்த்தடுப்புப் படலம் போடும் முன் அந்த விளிம்புகளில் அளந்து, 15–16%க்குக் கீழே வந்தபின்தான் மூட வேண்டும். 22இல் இருக்கும்போது இரண்டு பக்கமும் மூடிவிட்டால், அந்த நீருக்கு வெளியே போக வழியே கிடையாது.

எண்ணைப் பார்த்து என்ன முடிவெடுப்பது

16%க்குக் கீழே, பருவத்தோடு மெல்ல ஏறி இறங்கினால் வழக்கமான சுற்று போதும். 16க்கும் 20க்கும் இடையே, அல்லது நடுப்புள்ளியை விட 4–5 புள்ளி கூடுதலாக இருந்தால் மாதம் ஒருமுறை அளந்து, மூலத்தைத் தேடத் தொடங்குங்கள். மழைக்குப்பின் 22க்குப் போய் பத்து நாளில் 15க்குத் திரும்பும் மரம் பிழைத்துக்கொள்ளும். அதே மரம் 22க்கு ஏறி, அடுத்த மழைக்குள் 19க்குத்தான் இறங்கி, அங்கிருந்து 24க்குப் போனால், ஒவ்வொரு சுற்றிலும் நீர் சேர்ந்துகொண்டிருக்கிறது. வரைபடத்தில் உச்சிகளை விடப் பள்ளங்களைப் பாருங்கள். பள்ளங்கள் ஏறிக்கொண்டே போவதுதான் கெட்ட செய்தி. 25க்கு மேல் சில வாரம் நின்றால் காத்திருக்காமல் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். 20 முதல் 30 டிகிரி வெப்பம் பெரும்பாலான பூஞ்சைகளுக்கு உகந்தது. அந்த வெப்பத்தில் ஈரம் நின்றால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சிதைவு தொடங்கிவிடலாம். வைரம் பாய்ந்த நடுமரம் நெடுங்காலம் தாங்கும். எவ்வளவு உயர்ந்த மரமாக இருந்தாலும் பட்டையை ஒட்டிய வெளிறுப் பகுதி தாங்காது.

திறந்து பார்க்கும்போது மீட்டரை வைத்துவிட்டுக் குத்தூசியை எடுங்கள். நாருக்குக் குறுக்காக 6 மி.மீ. குத்தி, நெம்புங்கள். நல்ல மரம் 'படக்' என்று சத்தத்தோடு நீளமான சிராயாகக் கிளம்பும், அதன் ஒரு முனை இன்னும் மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இற்றுப்போகத் தொடங்கிய மரம் சத்தமில்லாமல், குத்தூசிக்கு நேர்மேலே, பிஸ்கட் ஒடிவதுபோலக் குட்டையாக ஒடியும். பழுப்பு நிறமாகி, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கட்டமாக வெடித்திருந்தால் பழுப்பு அழுகல். வெளுத்து, நார்நாராகப் பிரிந்தால் வெண்ணழுகல். முன்னதில் எடை குறைவது தெரியும் முன்பே வலு போய்விடும். சுமை தாங்கும் சட்டத்தில் இது தெரிந்தால், முட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

வெறும் ஈரம்தான், சிதைவு இல்லை என்றால் முதல் வேலை நீரை நிறுத்துவது: உடைந்த ஓடு, அடைத்த மழைநீர்க் கால், சுவர் வெடிப்பு, கசியும் குழாய். அடுத்தது காற்றுக்கு வழி. சுவருக்குள் இறுகக் கட்டிய உத்திர முனையைச் சுற்றிப் பக்கங்களிலும் மேலும் முனைக்குப் பின்னும் 15–20 மி.மீ. இடைவெளி விட்டு, அடியில் நீர் ஏறாத தகட்டைச் செருகினால் பெரும்பாலும் போதும். ஹீட்டரை நேராகக் காட்டி அவசரமாக உலர்த்த வேண்டாம். மேல்தோல் சுருங்கி வெடிக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். கனமான உத்திரம் காய மாதங்கள் ஆகும், சில வேளை ஒரு வருஷத்தையும் தாண்டும். மூன்று ஆழத்திலும் 16க்குக் கீழே வரும்வரை பெயிண்டோ வார்னிஷோ பூசாதீர்கள்.

காயும் காலத்தில் பாதுகாப்பாக, அபாயமான முனைகளில் துளையிட்டு, பூஞ்சையைத் தடுக்கும் போரேட் குச்சிகளை வைக்கலாம். மரம் ஈரமாக இருக்கும்போது மட்டுமே அவை கரைந்து பரவும், காய்ந்தால் சும்மா கிடக்கும். ஆனால் வைத்த தேதியையும் இடத்தையும் குறிப்பேட்டில் எழுதி, அளவுப்புள்ளியை அங்கிருந்து 20 செ.மீ.யாவது தள்ளி மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சுற்றில் போரேட் உப்பு மீட்டரை ஏற்றிக் காட்டும், காய்ந்துகொண்டிருக்கும் உத்திரத்தை மறுபடி உடைக்கக் கிளம்புவீர்கள்.